கையில் கொடுத்த பொய்

அவள் வேலை பார்த்த சலவைக் கடையில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவி இஸ்திரி மேசைக்குப் பின்னால், வெள்ளை மூட்டத்துக்குள் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். வாய் ஓயாது. ஒரு சட்டையின் காலரை மடக்குவதற்குள் அந்தச் சட்டைக்காரர் எதைச் சாப்பிட்டார், எதைச் சிந்தினார், வீட்டில் யாரோடு சண்டை என்று ஒரு கதை கட்டிவிடுவாள். "இந்த மனுஷன் கையைக் கட்டிக்கிட்டேதான் தூங்குவாரு போல. முழங்கைல மட்டும் எப்படிக் கசங்கியிருக்கு பாருங்க" என்பாள். துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலாளி அம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாய் பாட்டுக்குப் பேசட்டும், கை நிக்காம இருந்தா சரி" என்பார். கை நின்றதே இல்லை.

இப்படிப் பேசுகிறவளுக்குத்தான் பேசாத பிள்ளை பிறந்தது. இதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள். "வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் நானே பேசித் தீர்த்துட்டேன். அவளுக்கு மிச்சம் வைக்கலை." சொல்லிவிட்டு மேசையின் பெடலை ஓங்கி மிதிப்பாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பும். அந்த நேரம் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

பிள்ளை பிறக்கும்போது அவ்வளவு சின்னதாக இருந்ததால் அப்பா அவளைப் பட்டாணி என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர் அவர். நகக்கண்ணில் எப்போதும் யார் வீட்டுச் சுவரோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டாணிக்கு மூன்று வயதானபோது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, கதவைத் தாண்டினால் அலறுகிறாள் என்று டாக்டரிடம் கொண்டு போனார்கள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அவள் சமைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல எழுந்து வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது?

அலறல் என்றால் சும்மா அழுகை இல்லை. கதவுக்கு வெளியே என்ன காத்திருக்கிறது என்று தெரியாத ஒரு உயிரின் அலறல் அது. கடைக்குப் போனாலும் அதே அலறல், மாமா வீட்டுக்குப் போனாலும் அதே அலறல். தெருவே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பதோடு நின்றால் தேவலை, ஆலோசனையும் வரும். எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள், நாலு போடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். தன் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தாளாம். அந்தப் பிள்ளைகள் இப்போது அவளிடம் பேசுவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை, தெருதான் சொன்னது.

இந்த நிலைமையில்தான் அந்தத் தெரபி சென்டர் கிடைத்தது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அங்கே இருந்த பெண்ணுக்கு இளம் வயது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்வாள். அவளை எல்லாப் பெற்றோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஆவி அக்கா முதல் நாளே அவளிடம் மூச்சுவிடாமல் பேசித் தள்ளினாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அம்மா, நீங்க நிறையப் பேசறீங்க. நல்லதுதான். ஆனா பேச்சு அவளுக்குக் காத்துல போயிடுது, பிடிச்சு வெச்சுக்க முடியலை. அதனால அவ கையில ஒரு பொருளைக் குடுங்க. எங்க போறோமோ அந்த இடத்துப் பொருள். போய்ச் சேர்ற வரைக்கும் அது அவ கையிலயே இருக்கட்டும்."

"பொருளா? எந்தப் பொருள் டீச்சர்?"

"எதுவா இருந்தாலும் சரி. எப்பவும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எதைக் குடுக்கறீங்களோ அதுதான் நடக்கணும். மாத்தவே கூடாது."

சலவைக் கடைக்கு என்றால் துணி மாட்டுகிற கிளிப். காய் வாங்கப் போவதென்றால் வலைப்பை. குளிப்பதற்கு ஸ்பாஞ்சு. தெரபிக்கு டீச்சரே கொடுத்த சிவப்பு ரப்பர் பந்து. சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, இவற்றை வரிசையாக அடுக்கி வைத்தாள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கிளிப் கையில் இருந்தாலும் அலறல், பை கையில் இருந்தாலும் அலறல். பெயின்டர்கூட, "ஏம்மா, அலமாரி அழகா இருக்கு, அது போதும்" என்று கிண்டல் செய்தார். பிறகு ஒரு நாள், கிளிப்பைக் கையில் வைத்ததும் பட்டாணி அதைப் பார்த்தாள். அம்மாவின் மோவாயைப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்க்கமாட்டாள், மோவாய்தான் அவளுக்கு முகம். பார்த்துவிட்டுப் போய்த் தன் செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டாள்.

ஆவி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிள்ளையிடம் ஒன்று சொல்லி, அதைப் பிள்ளை புரிந்துகொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தக் கதையைக் கடையில் அவள் எத்தனை நாள் சொன்னாள் என்று கணக்கில்லை. மெஷின்காரர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் ஒரு இடத்தில் மூச்சு வாங்கினால் அடுத்த வரியை அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

டீச்சர் சொன்ன விதியை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றினாள். ஒரு விடுமுறை நாளில் வலைப்பைக்குப் பதிலாகக் கை தவறிக் கிளிப்பைக் கொடுத்துவிட்டாள். சலவைக் கடை மூடியிருக்கும் என்று தெரியும். வெளியே கொட்டும் மழை. ஆனாலும் ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே போய், மூடியிருந்த ஷட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். பெயின்டர் துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ஷட்டர்கிட்ட நலம் விசாரிச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு எல்லாமே விளையாட்டு" என்று அவள் அவரைக் கடிந்துகொண்டாள்.

அவருக்கு அந்தப் பொருள் பாஷை கடைசிவரை வரவே இல்லை. எது எதற்கு என்று மறந்துவிடுவார். பிள்ளையை வெளியே கூட்டிப் போக வேண்டுமென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சீழ்க்கை அடிப்பார், அவ்வளவுதான். பட்டாணி வந்தால் வருவாள். வராவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "வரலைன்னா விடும்மா. கதவு எங்க ஓடிப் போகுது?" என்பார். அவரை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாது என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையும் அதுதான்.

அந்தக் காலம் நல்ல காலம். மத்தியானத்துக்கு மேல் பட்டாணி கடைக்கு வந்துவிடுவாள். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற நீள மேசைக்கு அடியில் அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது. இஸ்திரி போட்டு இறக்கிய விரிப்புகளின் சூடு ஆறுவதற்குள் கன்னத்தை அதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கிளிப் கையில் டிக் டிக்கென்று திறந்து மூடும். மேலே அம்மாவின் வாய், கீழே பிள்ளையின் கிளிப், இரண்டும் ஓயாது. முதலாளி அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சென்டரில் பிள்ளைகள் கூடிப்போனார்கள். இடம் போதவில்லை. டீச்சரின் அறையை நடுவில் பலகை வைத்து இரண்டாகத் தடுத்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் பட்டாணியின் நேரத்திலேயே இன்னொரு பிள்ளை வந்தது. அது வந்ததிலிருந்து போகிற வரைக்கும் வீறிட்டு அழும். அந்தப் பிள்ளையின் கஷ்டம் அதற்கு. ஆனால் இந்தப் பக்கம் பட்டாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள். பந்து மடியிலிருந்து உருண்டு ஓடியது. எடுக்கவில்லை.

ஆவி அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவின் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அன்றைக்கே டீச்சரிடம் கேட்டாள்.

"டீச்சர், வேற நேரம் இல்லையா? இல்ல, வேற ரூம்?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லைம்மா. ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கறேன். கொஞ்ச நாள் போனா பழகிடுவா."

பழகிடுவா. அந்த ஒரு வார்த்தையை நம்பி உலகத்தில் எத்தனை பிள்ளைகளை எதெதற்குள் தள்ளிவிடுகிறோம்! அவளும் நம்பினாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். கிளிப்பும் பையும் கொடுக்கச் சொல்லித் தந்தவளாயிற்றே.

அடுத்த தடவை பந்தைக் கையில் வைத்ததும் பட்டாணி அதை வீசி எறிந்தாள். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அம்மா மறுபடி கொடுத்தாள், மறுபடி எறிந்தாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பட்டாணி வீட்டு மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்றாள். ஆவி அக்கா மூச்சிரைக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று தெரபி இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை.

சென்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கும் வரலைன்னா இடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுத்துடுவோம்மா. வெளிய எத்தனையோ பேர் காத்திருக்காங்க. மறுபடி இடம் கிடைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம்." ஒரு வருஷம் என்றால் என்ன? இத்தனை பாடுபட்டு மூட்டிய நெருப்பு அணைந்துபோகும் என்றுதான் அவளுக்குப் பட்டது. பேச்சு வராமலே போய்விடும், பொருளும் மறந்துவிடும், பழைய அலறல் திரும்பி வரும் என்று அவளாகவே கற்பனை செய்துகொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தாள்.

மறுநாள் காலையில் பெயின்டர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கக் கிளம்பிப் போய்விட்டார். அவள் அலமாரிக்கு முன்னால் நின்றாள். பந்தை எடுத்தாள். பட்டாணி அதைப் பார்த்ததும் அறையின் மூலைக்குப் போய்விட்டாள். பந்தைத் திரும்ப வைத்தாள். பக்கத்தில் கிளிப் இருந்தது.

கை தானாக அதற்குப் போயிற்று என்று பிற்பாடு அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் சும்மா. எந்தக் கையும் தானாகப் போகாது. அவள் நின்று யோசித்துத்தான் எடுத்தாள். தப்பு என்று தெரிந்தேதான் எடுத்தாள். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து எடுத்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிளிப்பைப் பார்த்ததும் பட்டாணி மூலையிலிருந்து ஓடி வந்தாள். தானே செருப்பைப் போட்டுக்கொண்டாள். மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கினாள். தெருவெல்லாம் டிக் டிக் என்று கிளிப் சத்தம். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் சலவைக் கடை. நேராகப் போனால் சென்டர். முனை வந்ததும் பிள்ளையின் உடம்பு தானாக இடது பக்கம் திரும்பியது. அம்மாவின் கை நேராக இழுத்தது.

பட்டாணி நின்றாள். கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தாள். இடது பக்கத் தெருவைப் பார்த்தாள். மறுபடி கிளிப்பைப் பார்த்தாள். தான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. இழுத்த பக்கம் நடந்தாள். டிக் டிக் சத்தம் நின்றுபோனது.

சென்டரில் டீச்சர் கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "அழாம வந்துட்டாளே! எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"எப்படியோ... வந்துட்டா" என்றாள் ஆவி அக்கா. அவ்வளவு பேசுகிறவள் அதோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

தெரபி முடிந்து வரும்போது பிள்ளையை நேரே சலவைக் கடைக்குக் கூட்டிப் போனாள். கிளிப் கொடுத்தோம், கடைக்கும் போய்விட்டோம், அப்படியென்றால் பொய் இல்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாம் எல்லோரும் இப்படித்தான், கணக்கை நமக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறோம். பட்டாணி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். சூடான விரிப்பு இறங்கியது. கன்னத்தை அதில் வைக்கவில்லை.

அடுத்த தடவையும் அதே கிளிப், அதே தெருமுனை. இந்த முறை பிள்ளை குதிக்கவில்லை. முனை வந்ததும் இடது பக்கம் திரும்பவும் இல்லை. இழுத்த இழுப்புக்கு வந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இந்தப் பக்கம் இவள் கிளிப்பை இறுக்கிப் பிடித்த கையாலேயே காதைப் பொத்திக்கொண்டு ஆடினாள். கண்ணாடி வழியாக ஆவி அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை கிளிப்பைக் கையில் வைத்தபோது பட்டாணி விரல்களைத் திறந்துவிட்டாள். எறியவில்லை. எறிந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பந்தை எறிந்தபோது அதில் கோபம் இருந்தது, சொல்ல வந்த விஷயம் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. கிளிப் தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வலைப்பையைக் கொடுத்தாள். விழுந்தது. குளிக்க ஸ்பாஞ்சைக் கொடுத்தாள். விழுந்தது. சாயங்காலம் பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட்டை நீட்டினாள். பட்டாணி இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அம்மா நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து என்ன வருமோ என்று. ஆவி அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ, என் கண்ணே, பிஸ்கட்டுதான்டி, வெறும் பிஸ்கட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். பேச்சு காற்றில் போயிற்று.

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். பட்டாணி வாசலைத் தாண்டி வரவில்லை. மெஷின்காரர்களில் ஒருவர் மேசைக்கு அடியில் சூடான விரிப்பை விரித்து வைத்துக் கூப்பிட்டார். அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். இங்கே கூட்டி வந்தாலும் அடுத்து எங்கே கொண்டு போவார்களோ என்று இருந்திருக்கும். அன்று கடையில் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அம்மா, "நீ வீட்டுக்குப் போம்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அவள் தனியாகச் சென்டருக்குப் போனாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் இவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், கிளிப்பைக் குடுத்துத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். ரெண்டு தடவை."

டீச்சரின் கை நின்றது. புரிய அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"நான் ஒரு நாளைக்கு எவ்வளவு பொய் சொல்றேன் தெரியுமா டீச்சர்? கறை போயிடும்னு கஸ்டமர்கிட்டப் பொய் சொல்றேன். தலைவலின்னு முதலாளி அம்மாகிட்டப் பொய் சொல்றேன். அதெல்லாம் வாய்ப்பொய், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. என் பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாஷை. அந்தப் பாஷையில போய்ப் பொய் சொல்லிட்டேனே."

டீச்சர் கையிலிருந்த பொம்மையைத் தரையில் வைத்தாள். பிறகு, "அவ பந்தை எறிஞ்சா பாருங்க, அதுவும் பேச்சுதாம்மா. வேண்டாம்னு அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கா. ரெண்டு பேருமே காதுல வாங்கலை. பழகிடுவான்னு சொன்னது நான்தான்" என்றாள்.

"ஆனா கிளிப்பைக் குடுத்தது நான்."

இல்லை என்று டீச்சர் சொல்லவில்லை. எழுந்து ஆபீஸுக்குள் போனாள். உள்ளே குரல் உயர்ந்தது கேட்டது. திரும்பி வந்து, கடைசி அறையில் காலையில் கொஞ்ச நேரம் காலியாக இருக்கிறது, பட்டாணி இனிமேல் அங்கே வரட்டும் என்றாள். கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கக்கூடியதுதான். முதலிலேயே சத்தம் போட்டுக் கேட்காமல் விட்டோமே என்று இரண்டு பேருக்குமே தோன்றியது.

"டீச்சர், என்கிட்ட மறுபடி வாங்குவாளா?"

"தெரியலைம்மா." டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஆறுதலுக்கு ஒண்ணு சொல்லலாம். ஆனா இனிமே யாருக்கும் அப்படிச் சொல்றதா இல்லை. நீங்க குடுக்கறதை மட்டும் நிறுத்தாதீங்க. டம்ளரைக் காட்டினா தண்ணி. தட்டைக் காட்டினா சோறு. அவ கையில வாங்கினாலும் வாங்காட்டியும் அதைத்தான் குடுக்கணும். வேற எதுவும் கேக்காதீங்க, கட்டிப் பிடிக்காதீங்க, கெஞ்சாதீங்க."

"கெஞ்சக்கூடக் கூடாதா?"

"கூடாதும்மா."

காலையில் பிள்ளையைக் கூட்டிப் போவது பெயின்டரின் வேலையாயிற்று. முதல் நாள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சீழ்க்கை அடித்தார். ஆவி அக்கா சமையலறையில் ஒளிந்துகொண்டு கேட்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாக இருந்தால், "இப்படி நின்னா விளங்கும்" என்று கத்தியிருப்பாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தார். பட்டாணி சுவரோரமாகவே நடந்து வந்து, அக்குளிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, அவருடைய பேன்ட் பாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கும் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

அவர் பொருள் பாஷையைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அதனால் அதில் பொய் சொல்ல அவருக்கு வழியும் இருக்கவில்லை. அவள் ராப்பகலாகப் பாடுபட்டுக் கற்றுக்கொண்டாள், அவளிடம்தான் பொய்யும் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்றால் அவர் தினமும் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆக, பயந்த விஷயம் நடக்கவில்லை. தெரபியில் இடம் போகவில்லை. கடைசி அறை அமைதியாக இருந்தது, பட்டாணி உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் டீச்சர் கையிலிருந்து கட்டைகளை வாங்கி அடுக்கினாள். சாயங்காலம் வந்து பெயின்டர் அதையெல்லாம் சொல்லுவார். "இன்னைக்கு டீச்சர் கையைத் தட்டினாங்க. இவளும் தட்டினா, ஒரே ஒரு தட்டு." அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. பெற்ற பிள்ளை யார் கையிலிருந்து வாங்கினால் என்ன என்று நினைக்கிற அளவுக்கு அவள் பெரிய மனசுக்காரி இல்லை. டீச்சரின் கையைப் பற்றி, அது மெலிந்ததா, மோதிரம் போட்டதா என்றெல்லாம் அவரிடம் கேட்டாள். அவர் அதையெல்லாம் எங்கே கவனித்தார்!

கடையில் அவள் பேச்சு குறைந்துபோனது. சட்டைகளுக்குக் கதை கட்டுவது நின்றது. மெஷின்காரர்கள் ஏதாவது கசங்கிய சட்டையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இவர் யாரோட சண்டை போட்டிருப்பாரு?" என்று வாயைக் கிண்டிப் பார்த்தார்கள். "தெரியலைப்பா" என்பாள். பெடலை மிதித்தால் ஆவி கிளம்பும், அடங்கும், அடுத்த சட்டை வரும்.

வீட்டில் அவள் டீச்சர் சொன்னதை விடவில்லை. எவர்சில்வர் டம்ளரை எடுத்து, பிள்ளைக்குத் தெரியும்படி காட்டி, அதில் தண்ணீர் ஊற்றி நீட்டுவாள். பட்டாணியின் கைகள் அக்குளுக்குள் போகும். இவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நிற்பாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்வாள். இரண்டு எட்டு வைத்தால் போதாது. ஜன்னல் வரைக்கும் போனாலும் போதாது. எதிர்ச் சுவரில் முதுகு படுகிற வரைக்கும் போக வேண்டும், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பிள்ளை குனிந்து டம்ளரை எடுக்கும்.

கட்டிய கை கட்டியபடி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, தன் பிள்ளை தண்ணீர் குடிப்பதை அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பட்டாணி முழுவதையும் குடிப்பாள். அவளுக்கு நல்ல தாகம் இருந்திருக்கும்.